மெயில் லிங்கைத் தட்டினால் ஜிமெயில் திறக்க வேண்டுமா? மூன்றே கிளிக்!

[திரையில்: அறை வாடகை விளம்பரம்]

வணக்கம் மக்களே! பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை காலியாக இருக்கிறது. விளம்பரத்தின் அடியில் வீட்டுக்காரரின் மெயில் முகவரி நீல நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. தட்டுகிறீர்கள். நீங்கள் ஒருநாளும் தொட்டிராத அவுட்லுக் திறந்து, "கணக்கைச் சேர்க்கவும்" என்று வழிமறிக்கிறது. அதை மூடி, முகவரியை காப்பி எடுத்து, ஜிமெயிலுக்குப் போய் ஒட்டுவதற்குள் அறையை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.

லிங்க் கெட்டுப்போகவில்லை. அதன் முன்னால் 'மெயில்டு' (mailto:) என்ற சொல் இருக்கும். அதைக் கண்டால் கம்ப்யூட்டரில் உள்ள மெயில் செயலியை எழுப்புவது பழைய வழக்கம். இந்த 'மெயில்டு' 1994-லேயே ஆவணமாகிவிட்டது. ஜிமெயில் வந்ததோ 2004-இல். வரலாறு இவ்வளவு போதும்.

[திரையில்: குரோம், ஜிமெயில் பக்கம்]

குரோமில் ஜிமெயிலைத் திறங்கள். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு சாய்சதுரம் தெரிகிறதா? அதைத் தட்டி, 'அலவ்' கொடுத்து, 'டன்' அழுத்துங்கள். முடிந்தது! சின்னம் வரவில்லையா? செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் பர்மிஷன்ஸ், அதற்குள் புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ். இத்தனை ஆழத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு. அங்கே தடைப்பட்டியலில் ஜிமெயில் இருந்தால் நீக்கிவிட்டு, ஜிமெயிலை மறுபடி திறங்கள். இன்காக்னிட்டோவில் முயல வேண்டாம், நடக்காது.

ஃபயர்பாக்ஸ்காரர்களுக்கு செட்டிங்ஸில் 'அப்ளிகேஷன்ஸ்' பட்டியல். அதில் 'மெயில்டு' வரியில் ஜிமெயிலைத் தேர்ந்தெடுங்கள். சஃபாரியில் இந்த வசதியே இல்லை.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த லிங்கில் முகவரி மட்டும்தான் போகும் என்று நினைக்கிறீர்களா? முகவரிக்குப் பின் ஒரு கேள்விக்குறி போட்டு, 'சப்ஜெக்ட்' என்று எழுதி, சமக்குறி வைத்து, வேண்டிய தலைப்பைச் சேர்க்கலாம். 'பாடி' சேர்த்தால் கடிதமே தயாராக நிற்கும். பினாங்கில் கேட்டரிங் நடத்துகிறவர் "தைப்பூசம்" என்று தலைப்பு வைத்து லிங்க் கொடுத்தால், தண்ணீர்மலைத் தண்ணீர்ப்பந்தலுக்கு ஆர்டர் கொடுப்பவர் ஆள் எண்ணிக்கையை மட்டும் தட்டினால் போதும்.

[திரையில்: லிங்க் பெரிதாக]

இப்போது கூத்தைப் பாருங்கள். "தைப்பூசம்" நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஒன்பது குறியீடு, ஏனென்றால் ஐகாரக் குறி, ஊகாரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. லிங்குக்குள் போகும்போது ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறி மூன்று முறை வரும் ஒன்பது எழுத்தாக விரியும். ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று! ஐந்தெழுத்து 81 ஆகிவிட்டது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை இப்படி எழுதலாம் என்ற விதி, 2010-இல் வந்த ஆர்எஃப்சி 6068 என்ற இணைய விதி ஆவணத்தில் இருக்கிறது. நீங்கள் 'அலவ்' கொடுத்திருந்தால், லிங்கைத் தட்டியதும் பிரவுசர் இந்த முழு நீளத்தையும் ஜிமெயிலிடம் ஒப்படைக்கிறது. ஜிமெயில் அதைப் பிரித்து "தைப்பூசம்" என்று தமிழிலேயே காட்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது!

வேர்ட், பிடிஎஃப் போன்றவற்றில் உள்ள லிங்குகளுக்கு இது போதாது. விண்டோஸ் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் ஆப்ஸ்' போய் 'மெயில்டு'வுக்கு குரோமை வையுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். ஆபீஸ், வீடு என்று இரண்டு கணக்கில் ஒரே பிரவுசரில் இருக்கிறவர்களுக்கு, பெரும்பாலும் முதலில் நுழைந்த கணக்குதான் திறக்கும். 'ஃப்ரம்' வரியைப் பார்க்காமல் 'சென்ட்' அழுத்தினால், அறை கேட்கும் கடிதம் ஆபீஸ் முகவரியிலிருந்து போகும். வேலை தேடும் கடிதமாக இருந்தால்... யாருக்காவது அப்படி நடந்திருந்தால், கமெண்டில் எழுதுங்கள், பெயர் வேண்டாம்!