குன்னூர் மழை ராத்திரி, ஆறு அயிட்டம் எழுதின கரும்பலகை

வணக்கம் மக்களே! குரல் கொஞ்சம் தாழ்வாத்தான் இருக்கும். பக்கத்து டேபிள்ல ஒரு குடும்பம் சாப்பிட்டுட்டு இருக்காங்க, அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. நான் இப்ப அப்பர் குன்னூர்ல இருக்கேன். வெளிய ஐப்பசி மழை கொட்டுது. கூடலூர் பக்கமெல்லாம் ஆடி மழைதான் பெருசு, ஆனா குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. இப்படி ஒரு ராத்திரியில வீட்டை விட்டுக் கிளம்பி வந்து சாப்பிடறேன்னா, சாப்பாட்டுல அவ்வளவு விஷயம் இருக்கு.

போன வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க. "அக்கா, பெங்களூர்ல இருக்கற மாதிரி நல்ல காஸ்ட்ரோபப் நம்ம மலையில இருக்கா?" காஸ்ட்ரோபப்னா, பப்போட நெருக்கத்துல நல்ல சாப்பாடும் சமைச்சுக் குடுக்கற இடம். நேரா சொல்லிடறேன். தமிழ்நாட்டுல 2003ல இருந்து சரக்கை சில்லறையில விக்கறது டாஸ்மாக்தான். அதை விட்டா லைசென்ஸ் வாங்கின கிளப், ஸ்டார் ஓட்டல் பார். எட்டு டேபிள் போட்ட சின்ன ரெஸ்டாரன்ட்ல பீர் ஊத்த முடியாது. ஆனா அந்தச் சாப்பாடு, அந்த நெருக்கம், அடுப்புச் சூடு இதெல்லாம் வேணும்னா இங்க கிடைக்கும். எனக்கு அதுதான் முக்கியம்.

ஏன்னு கேளுங்க. காஸ்ட்ரோபப் ஆரம்பிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லண்டன்ல ஃபேரிங்டன் ரோட்டுல 'தி ஈகிள்'னு ஒரு பழைய பப். 1989ல பிரிட்டன் அரசு ஒரு ஆணை போட்டுச்சு. 2,000 பப்புக்கு மேல கையில வச்சிருந்த பெரிய பீர் கம்பெனிங்க தங்களோட பிடியைக் கொஞ்சம் விட்டாகணும்னு. அப்ப நிறைய பப் கைமாறுச்சு. தனியா ரெஸ்டாரன்ட் திறக்க வசதி இல்லாதவங்களுக்கும் வழி கிடைச்சுது. 1991ல மைக்கேல் பெல்பன், டேவிட் அயர்னு ரெண்டு பேர் ஈகிளை எடுத்து நடத்த ஆரம்பிச்சாங்க. எல்லாரும் பார்க்கற மாதிரி திறந்த அடுப்பு, ஒண்ணோட ஒண்ணு சேராத நாற்காலி, மெனு கரும்பலகையில. என்ன கிடைக்குதோ அதைச் சமைக்கறது, தீர்ந்தா பலகையில இருந்து அழிக்கறது. அங்க இருந்துதான் இது உலகம் பூரா போச்சு.

இப்ப இந்தப் பக்கம் பாருங்க, கேமராவைத் திருப்பறேன். தெரியுதா? கரும்பலகை. ஆறே அயிட்டம். உருளைக்கிழங்கு லீக்ஸ் சூப். அவரெ உதக்கயும் ராகிக் களியும். மட்டன் ஸ்டூ, கூட பன். ஓவன்ல சுட்ட கேரட், பீட்ரூட், மேல கெட்டித் தயிர். காளான் பை. கடைசியா வர்க்கி புட்டிங். அவ்வளவுதான். நான் உள்ள வரும்போதே ஸ்டூ தீர்ந்து போய் கடைக்கார அண்ணி அதை அழிச்சுட்டு இருந்தாங்க. எனக்குக் கிடைக்கலைன்னு வருத்தம்தான், ஆனா நாளைக்கு ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்துச் சூடு பண்ணிக் குடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு பாருங்க, அந்த நம்பிக்கைக்காகத்தான் நான் வர்றேன்.

கடை பேரை நான் சொல்லல. கடைக்கார அண்ணன் கேட்டுக்கிட்டார், எட்டு டேபிள், ரெண்டு பேர், சீசன் கூட்டத்தைத் தாங்காதுன்னு. அவர் விருப்பம். ஆனா அவர் எப்படிச் சமைக்கறார்னு சொல்றதுக்கு அனுமதி வாங்கிட்டேன்.

அண்ணன் படுகர். அவங்க ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல, அம்மா செய்யற அவரெ உதக்கயை அப்படியே மெனுவுல வச்சிருக்கார். நீங்க பொரியல் பண்ற அவரைக்காய் இல்லைங்க இது, காய வச்ச கொட்டை. ராத்திரி ஊறப்போட்டு, காலையில இருந்து சின்னத் தீயில வேகுது. ஏன் காலையில இருந்து? குன்னூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். கீழ 100 டிகிரியில கொதிக்கற தண்ணி இங்க 94 டிகிரி கிட்டயே கொதிச்சுடும். பாத்திரத்துல தளதளன்னு கொதிக்கும், ஆனா கொட்டை வெந்திருக்காது. குக்கர்ல போட்டா சீக்கிரம் வெந்துடும். அண்ணனுக்கு அது பிடிக்கல, கொட்டை உடைஞ்சு கூழாயிடுதுங்கறார். கரண்டியில எடுத்துக் காட்டறேன் பாருங்க, ஒவ்வொண்ணும் முழுசா நிக்குது, வாயில வச்சா வெண்ணெய் மாதிரி கரையுது. படுகர் வீட்டு மசால்பொடி வாசனை மெதுவா, கடைசியிலதான் வருது. சூடான களியைக் கிள்ளி இதுல முக்கிச் சாப்பிடும்போது வேற எதுவும் வேண்டாம்னு இருக்கு.

கேரட்டை அவர் தண்ணியில வேக வைக்கறதே இல்ல, நேரா ஓவன்லதான். ஓவன் சூட்டுக்கு மலை உயரத்தால ஒண்ணும் ஆகாது இல்லையா. ஓரமெல்லாம் கருகி, உள்ள இனிப்பு இறங்கி நிக்குது. இது கேத்தி பள்ளத்தாக்குக் கேரட், காலையில தோட்டத்துல இருந்து வாங்கினது. லீக்ஸும் அங்கதான். லீக்ஸ், செலரி, ப்ரோக்கோலி எல்லாத்தையும் எங்க ஊர்ல சைனீஸ் காய்னு சொல்லுவாங்க, பக்கத்துலயே விளையுது.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, கேத்தி கேரட் பெரும்பாலும் மிஷின்ல கழுவி, மூட்டை கட்டி, லாரியில மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிடும். மலையில ஒரு பெரிய ஓட்டல்ல காய் எங்க இருந்து வருதுன்னு கேட்டேன். மேட்டுப்பாளையத்துல இருந்துன்னாங்க. எனக்கு மனசு ஆறல. கண்ணுக்கு எதிர்ல விளையறது மலை இறங்கிப் போய், ஏலம் போய், திரும்ப மலை ஏறி வருது. அந்த ஓட்டல் மெனுவுல பன்னீர் பட்டர் மசாலாவுல இருந்து ஷெஸ்வான் நூடுல்ஸ் வரைக்கும் பக்கம் பக்கமா இருக்கு, நீலகிரின்னு சொல்ல ஒரு அயிட்டம் கிடையாது. இவ்வளவு தூரம் வர்றவங்களுக்கு இந்த மண்ணோட ருசியைக் குடுக்காம அனுப்பறது பெரிய அநியாயம்னு நான் நினைக்கறேன்.

காளான் பை பத்தியும் சொல்லணும். எனக்குப் பிடிக்கல. மேல் மாவு தடிமன், நடுவுல சரியா வேகல. அண்ணன்கிட்டயே சொல்லிட்டேன், கவனிக்கறேன்னார்.

குடிக்கறதுக்கு டீ. இங்க 1963ல இருந்து தேயிலை ஏல மையம் இருக்கு, ஆனா குன்னூர்க் கடைகள்ல பெரும்பாலும் டஸ்ட் டீதான். இவங்க பனிக்காலத்துல பறிச்ச இலைத் தேயிலை வச்சிருக்காங்க. பால் இல்லாம, சர்க்கரை இல்லாம ஒரு தடவை குடிச்சுப் பாருங்க, பூ வாசனை வரும். தண்ணி கண்ணாடி ஜக்லதான், நீலகிரியில பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை தெரியும்தானே.

ஆங், புட்டிங் வந்துடுச்சு. ஊட்டி வர்க்கிங்கற மொறுமொறு பிஸ்கட்டுக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. டீயில தோய்ச்சுச் சாப்பிடற அதே வர்க்கியை நொறுக்கி, பால், முட்டை, நாட்டுச் சர்க்கரை சேர்த்து ஓவன்ல வச்சிருக்காங்க. மேல மொறுமொறு, அடியில பஞ்சு. இதுக்கு ஐடியா குடுத்தது அண்ணி. மொத்த பில் 780 ரூபா, எனக்கு நியாயமாப் படுது.

வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு: 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில வர இ-பாஸ் வேணும், முன்னாடியே எடுத்துடுங்க. நீலகிரியில பதிவான டி.என். 43 வண்டிக்கும், பஸ்ல, ரயில்ல வர்றவங்களுக்கும் தேவையில்ல. முடிஞ்சா மே மாசத்தைத் தவிர்த்துட்டு வார நாள்ல வாங்க, சமைக்கறவங்க உங்ககிட்ட பேசறதுக்கு அப்பதான் நேரம் இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிச்சுக்கோங்க. இருட்டினதுக்கு அப்புறம் குன்னூர் ரோட்டுல காட்டெருமை நிக்கும், கரடியும் வரும். ஹாரன் அடிக்காதீங்க, லைட்டை டிம் பண்ணிட்டு வண்டியை நிறுத்துங்க, அது தானாப் போகும்.

உட்கார்ந்ததும் மெனு கார்டைப் பிரிக்காம, "இன்னைக்கு என்ன வந்துருக்குங்க?"ன்னு கேளுங்க. பதில் சொல்ல முடியலைன்னா டீ மட்டும் குடிச்சுட்டு எழுந்துடலாம். அடுத்து நான் கோத்தகிரி போறேன். அங்க, இல்ல கொடைக்கானல் பக்கம், இந்த மாதிரி பலகையில எழுதிச் சமைக்கற இடம் தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க. கடை பேரோட, அங்க என்ன சாப்பிட்டீங்கன்னும் எழுதுங்க.