"ஒன்றுமில்லை" என்று சொன்ன ஏழு வருடம்

தலைமையேற்றிருக்கும் அம்மா அவர்களே, உடம்புக்கு முடியாத நிலையிலும் வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, நான் மூன்று முறை தேதி மாற்றக் கேட்டும் சலித்துக்கொள்ளாத மகளிர் மன்றச் செயலாளர் அவர்களே, நூலகர் ஐயா அவர்களே (ஐயாவைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்), குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் தோழியரே, எல்லோருக்கும் வணக்கம்.

பெண்களுக்குள் இருக்கும் நெருங்கிய நட்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொறாமை, ரகசியம், நடுவில் வரும் மூன்றாவது ஆள் என்று மூன்றைக் குறித்து வந்திருக்கிறேன். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார் என் பாட்டி. புளிக்கிறது என்று தெரிந்ததும் நாம் சண்டைகூடப் போடுவதில்லை, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். இருபது வருடமாக நான் தினமும் பேசிய தோழிக்குப் பதவி உயர்வு வந்தது. வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உனக்கே தெரியாதா?" என்று கேட்டாள் பாருங்கள், அந்தக் கேள்விதான் குத்தியது. இரவு போன் செய்து "சந்தோஷம்" என்றேன், அவ்வளவுதான். "என்ன ஆச்சு?" என்றாள். "ஒன்றுமில்லை." பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு செய்தி, அப்புறம் அதுவும் நின்றது. ஏழு வருடம்! என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த இரவில் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அவள்தான். எப்படியோ கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். மடியில் என் பழைய குடை, எப்போதோ இரவல் வாங்கிப் போனது, உடைந்த கம்பியை நீல நூலால் சுற்றிக் கட்டியிருந்தாள். "நீ கேப்பேன்னு வச்சிருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாசம்தான் உனக்கு வேலை போச்சு, உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். அவள் என்னை ஒதுக்கிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஏழு வருடமும், அவள் என் வலியைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். பேச ஆரம்பித்தோம், காவலாளி எழுப்பினார். படிக்கட்டுக்குப் போனோம், அங்கேயும் எழுப்பினார். விடியும்வரை வாசல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே பேசினோம்.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. தலைவியின் காதலைத் தக்க நேரத்தில் தோழி வீட்டாருக்குத் தெரியப்படுத்துவதைச் சங்க மரபு "அறத்தொடு நிற்றல்" என்றது. காப்பதும் உடைப்பதும் இரண்டுமே தோழியின் வேலை, எப்போது எது என்பதில்தான் சிக்கல். அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, மனம்விட்டுப் பேசுவதிலும் இப்படி இரண்டு பக்கம் உண்டு என்று காட்டியது: ஒரே கவலையைத் திரும்பத் திரும்பக் கிளறிப் பேசும் சிறுமிகளிடம் நட்பும் நெருக்கமாக இருக்கிறது, மனச்சோர்வும் கூடவே இருக்கிறது. ஆகவே வெறும் பேச்சு போதாது, சேர்ந்து சும்மா இருக்கவும் வேண்டும்.

அதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும். ஒரு அறிமுகம் நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்கிறது ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு. அந்த 200 மணி நேரம் நாம் எங்கே உட்காருவது? வீட்டில் வேலை கூப்பிடுகிறது, வெளியே காவலாளி எழுப்புகிறார். பழகப் பழகப் பாலும் புளிக்கும், சரி. ஆனால் பழகவே இடமில்லாமல் புளித்ததுதான் நம்மில் பலருடைய நட்பு.

நூலகர் ஐயா, இதற்குத்தான் உங்களைத் தனியாகச் சொன்னேன். மாடியில் பூட்டியே கிடக்கும் அறையை மாலை ஐந்து முதல் எட்டு வரை பெண்களுக்குத் திறந்துவிடுங்கள். நாற்காலி நாங்களே கொண்டுவருகிறோம். மற்ற இரண்டு விஷயத்துக்கு நேரமில்லை, செயலாளர் மணி அடித்துவிட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவோடு அங்கே உட்கார்ந்திருப்பவள்தான் அந்தக் குடைக்காரி.