நைரோபி: செம்மண் மேடும் கரிசல் பள்ளமும்

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

கென்யாவின் தலைநகர் நைரோபி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சிங்கமும் வரிக்குதிரையும்தான். சரி, ஊரை ஒட்டியே தேசியப் பூங்கா இருக்கிறது, அது உண்மை. ஆனால் நான் பேச வந்தது அந்த ஊரில் விடிவதற்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடிக்கிறவர்களைப் பற்றி.

முதலில் மண்ணைச் சொல்லிவிடுகிறேன். மாசாய் மொழியில் 'குளிர்ந்த நீர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் நைரோபி. 1899இல் மொம்பாசா துறைமுகத்திலிருந்து வந்த ரயில்பாதை இந்தச் சதுப்பு நிலத்தை எட்டியபோது, கூடாரங்களும் பண்டகசாலையுமாக ஊர் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தைப் போட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். மேற்கும் வடக்கும் மேடு. செம்மண், மரம், குளிர்ந்த காற்று. கிழக்கே தாழ்ந்த சமவெளி, கரிசல். கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் காலனி ஆட்சி மேட்டை வெள்ளையருக்கு வைத்துக்கொண்டது. பார்க்லேண்ட்ஸ், ங்காரா பக்கம் இந்தியர்கள். கிழக்கே ஆப்பிரிக்கர்கள், அதுவும் ஆண்கள் 'கிபாண்டே' என்ற பதிவுச் சீட்டைத் தகரப் பெட்டியில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடமாட வேண்டும். சொந்த மண்ணில் ஒரு மனிதனுக்கு இந்த நிலை! 1963இல் விடுதலை வந்தது. நிறத்தைப் பார்த்துப் பிரித்த கோடு போனது. அதே கோட்டில் இன்று பணம் நிற்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் திகா சாலையில் நின்றால் போதும். ஒரு பக்கம் முத்தைகா. 1913இல் திறந்த கிளப், தூதர்களின் வீடுகள், உயர்ந்த மதில், வாசலில் 'அஸ்காரி' எனப்படும் காவலாள், உள்ளே புல்வெளி. சாலையைத் தாண்டினால் மதாரே. பழைய கல்குவாரிப் பள்ளத்தில், ஆற்றின் இரு கரையிலும் தகர வீடுகள். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம்.

அங்கே தண்ணீரை மஞ்சள் கேன்களில்தான் பிடிப்பார்கள். சமையல் எண்ணெய் வந்த கேன், 20 லிட்டர் கொள்ளும். காசு கொடுத்து நிரப்பி, ஈரச் சந்தில் கால் வழுக்காமல் தூக்கி வர வேண்டும். வீட்டுக்குள் குழாய் உள்ளவர் கொடுப்பதைவிடப் பல மடங்கு விலை, லிட்டர் கணக்கில். இல்லாதவர்தான் அதிகம் கொடுக்கிறார். இந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடுவதில்லை.

சாயங்காலம் சந்து முனையில் 'மாமா ம்போகா' உட்கார்ந்திருப்பார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. காய்கறி விற்கிற அம்மா. அரிபலகை கிடையாது. கீரை இலைகளைச் சுருட்டி இடது கைப்பிடியில் இறுக்கிக்கொண்டு, கத்தியால் நூல் நூலாக அரிந்து தள்ளுவார். அந்தக் கீரையின் பெயரே 'சுகுமா விக்கி', அதாவது 'வாரத்தைத் தள்ளு'. உகாலி எனப்படும் மக்காச்சோளக் களிக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. கையில் காசு இல்லாதவர் போனில் எம்பெசா வழியாகப் பத்து ஷில்லிங் அனுப்புவார். 2007இல் வந்த அந்த வசதி, வங்கிப் படி ஏறாதவர்களின் மடிப் பணமாகிவிட்டது.

2024 ஏப்ரலில் மதாரே ஆறு பெருகி வீடுகளையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போனது. அப்புறம் அரசு வந்து கரையோர வீடுகளை இடித்தது. கரையில் இருப்பது ஆபத்து, சரிதான். ஆனால் அங்கே ஏன் இருந்தார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா? தள்ளிக் குடியிருந்தால் 'மட்டாட்டு' எனப்படும் சிற்றுந்தில்தான் வேலைக்குப் போக வேண்டும், அதில் மழை நாளில் கட்டணம் ஏறும். தினம் இரண்டு வேளை கொடுத்தால் கூலியில் ஒரு பெரிய பங்கு போய்விடும். துணி துவைக்க, தோட்டம் பார்க்க, காவல் நிற்க அழைக்கிற வீடுகள் மதாரேயிலிருந்து நடந்து போகிற தூரத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன.