வீட்டுச் செடியும் பினாங்கு வெயிலும்

வணக்கம் நேயர்களே. வீட்டுக்குள் வைத்த செடி வாடினால் முதலில் என்ன செய்கிறோம்? தண்ணீர் ஊற்றுகிறோம். மறுபடி வாடினால் உரம். அப்படியும் தேறவில்லையென்றால் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறோம். வெளிச்சத்தை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. செடிக்கு வெளிச்சம்தான் சோறு, உரம் ஊறுகாய். சோறே விழாத இலையில் ஊறுகாயை வைத்து என்ன பயன்?

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். இருட்டு ஹாலில் சற்று நேரம் உட்கார்ந்தால் கண் பழகிவிடும், பேப்பர்கூடப் படிக்கலாம். செடிக்கு அந்த வசதி கிடையாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் அளப்பார்கள். உச்சி வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். நம் தாமான், அதாவது குடியிருப்புப் பேட்டை, வரிசை வீட்டைப் பாருங்கள். முன்னால் கார் போர்ச் கூரை, அப்புறம் கிரில், அப்புறம் கறுப்புக் கண்ணாடிக் கதவு, அதற்கு மேல் திரை. எல்லாம் தாண்டி நடு வீட்டுக்கு நூறு, இருநூறு லக்ஸ் வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம்.

அதனால் நிழலைப் பாருங்கள். பகல் ஒரு மணி வாக்கில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் வெளிச்சம் பலம். கை என்று தெரிகிறது, ஓரம் மட்டும் மங்கல் என்றால் மணி பிளாண்ட், மொன்ஸ்டெரா போன்ற காட்டு நிழல் செடிகளுக்கு அது சரியான இடம். நிழலே விழவில்லையா? அங்கே பிளாஸ்டிக் பூ வைத்துக்கொள்ளலாம்.

பினாங்கின் ஆயர் ஈத்தாம் பகுதி அடுக்குமாடியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் டிவிக்குப் பக்கத்தில் மணி பிளாண்ட் வைத்திருந்தார். கொடி சுவரெல்லாம் ஓடியிருந்தது. “எப்படி வளருது பாத்தீங்களா தம்பி!” என்று அவருக்கு ஒரே பெருமை. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே ஒரு ஜாண் வெறும் தண்டு. இலையோ வெற்றிலைக் கொழுந்து அளவுதான். வாங்கும்போது இருந்த மஞ்சள் வரிகள் போய் முழுப் பச்சை. “அக்கா, இது வளரல, வெளிச்சத்தைத் தேடி ஓடுது” என்றேன். கோபம் வந்துவிட்டது. ஜன்னலோரம் வைத்தால் சாமி மேடையை மறைக்குமாம்.

சரி என்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனபோது அவரையும் கூட்டிப்போய், வழியில் ஒரு சாலையோர மரத்தைக் காட்டினேன். அடிமரத்தைச் சுற்றி ஏறிய கொடி. மேலே போகப் போக இலை முறம் மாதிரி அகலம், ஓரங்களில் கிழிசல் கிழிசலாக. “இதுவும் உங்க மணி பிளாண்ட்தான்” என்றேன். நம்பவே இல்லை. கீழே தரையோடு கிடந்த சின்ன இலையிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே மேலே போனார். ஒரே கொடிதான். பற்றி ஏற ஒரு மரம், கிளைகளுக்கு நடுவே சிந்துகிற வெயில், இரண்டும் கிடைத்தால் அது அப்படி ஆகும். மறுவாரம் சாமி மேடை அங்கேயே இருந்தது, டிவிதான் இடம் மாறியிருந்தது!

அடுத்தது கடிகாரம். சென்னை வீடியோவில் “காலை 10 மணி வெயில் வரை காட்டலாம்” என்பார்கள். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12:10 மணிக்கு. பினாங்கில் 1:20 ஆகிவிடும். 1982-இல் மலேசியாவில் நம் கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளிவிட்டார்களே! ஆகவே அவர்கள் 10 மணி நமக்கு 11-ஐத் தாண்டியது. நம் ஊரில் சுடுகிற வெயில் மாலை நான்கு மணிக்கும் இருக்கும். மேற்கு ஜன்னலில் மெல்லிய திரை இல்லாவிட்டால் இலையில் வெளுத்த திட்டு விழும். அந்தத் திட்டு ஆறவே ஆறாது, புது இலை வந்தால்தான் உண்டு.

தெற்கு ஜன்னல்தான் நல்லது என்கிற இங்கிலாந்துக்காரர் யோசனையும் இங்கே அப்படியே செல்லாது. ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, வடக்கே சாய்ந்துவிடும். செப்டம்பரில்தான் தெற்கே திரும்பும். ஜூனில் வடக்கு ஜன்னலுக்கு வெயில், டிசம்பரில் தெற்குக்கு. வருஷத்துக்கு இரண்டு தடவை தொட்டியை இடம் மாற்றினால் என்ன குறைந்துவிடும்?

எல்இடி விளக்கு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக, ஜன்னலே இல்லாத அறையில் விளக்கு வைக்கலாம். செடிக்கு ஓர் அடி தூரத்தில், ஒரு நாளைக்கு 12 மணி நேரம். கூரையில் இருக்கிற குழல் விளக்கு கணக்கில் வராது. கறிவேப்பிலையை மட்டும் தயவுசெய்து வீட்டுக்குள் வைக்காதீர்கள், அதற்கு முழு வெயில் வேண்டும். வணக்கம்.