உடம்பு மருந்துக்குப் பழகிவிடுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

"சளி, இருமல் என்று வருடத்துக்கு நாலைந்து தடவை ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறேன். என் உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டதா சார்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அந்தப் "பழகிவிட்டதா" இரண்டு நாளாக என்னை விடவில்லை.

உடம்பு பழகுவதில்லை, பழகுவது கிருமி. குடல் பாக்டீரியா பற்றிப் பேசியபோதே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

2016-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையைக் காட்டினார்கள். நாலடி நீளத்தில் பெரிய தட்டு. வெள்ளையாகப் படரும் கிருமி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று, அது வளரும் கூழில் கறுப்பு மை கலந்திருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் மருந்து கிடையாது. உள்ளே போகப்போகப் பட்டை பட்டையாக மருந்து ஏறும். நடுப் பட்டையில், சாதாரணக் கிருமி தாங்குவதைப்போல ஆயிரம் மடங்கு. ஓரத்தில் விட்ட ஈ.கோலி என்கிற குடல் பாக்டீரியா, மருந்து தொடங்கும் முதல் கோட்டில் வந்து நின்றுவிடுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால், ஓரிடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி கோட்டைத் தாண்டி விசிறி போல விரிகிறது. மரபணுவில் தற்செயலாக நேர்ந்த மாற்றத்தால் தப்பித்த ஒன்றின் வாரிசுகள் அவை. அடுத்த கோட்டிலும் இதே கதை. சுமார் 11 நாளில் நடுப்பகுதியைப் பிடித்துவிட்டன. அந்தத் தட்டில் மனித உடம்பே இல்லையே! அப்போது பழகியது யார்?

சரி, உங்கள் சளிக்கு வருவோம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. ஆனால் மாத்திரை குடலுக்குப் போகிறது, அங்கே சும்மா இருந்த பாக்டீரியாக்களில் தாக்குப்பிடிப்பவற்றை மட்டும் மிச்சம் வைக்கிறது. அவை மருந்தை எதிர்க்கும் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்கிற சின்ன டிஎன்ஏ வளையத்தை வேறு இனக் கிருமிக்குக்கூடக் கொடுத்துவிடும்.

"என் வீட்டாருக்கு என்ன ஆகும்?" என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-இல் நோபல் உரையிலேயே இதற்கு ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவர் தொண்டை வலிக்குத் தானாகவே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் எடுத்துக்கொள்கிறார். கிருமி சாகாமல் எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. அந்தப் பெண்ணுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்க்கிறார்கள், கேட்கவில்லை, இறந்துபோகிறார். தொண்டை வலி வந்தது கணவருக்கு.

அதனால் அடுத்த தடவை சளி பிடித்தால், பழைய சீட்டை வைத்துக்கொண்டு நீங்களே மாத்திரை வாங்க வேண்டாம். "இது வைரஸா, பாக்டீரியாவா?" என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.