மழை மாதங்களில் கொடிமலைக் காடு

நேயர்களே, வணக்கம். பினாங்கில் தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் படியேறிய எல்லாரும் கொடிமலைக் காட்டின் ஓரத்தைத் தொட்டு வந்தவர்கள்தான். 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த மலை அது. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கனக்கும். நடைக்காரர்கள் பலர் அப்போது வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். காட்டைக் கவனிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது என்பேன்.

எதைக் கவனிப்பது? ஓடையின் நிறத்தை. மழை விட்டதும் தாவரவியல் பூங்காவின் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். பால் விடாத தே ஓ மாதிரி லேசாகப் பழுப்பேறி, அடியில் கல் தெரிந்தால் சரி, அது சருகில் ஊறி வந்த தண்ணீர். பால் விட்டு ஆற்றிய தே தாரிக் மாதிரி கலங்கி வந்தால் மேலே எங்கேயோ மண் கரைகிறது.

எங்கே கரைகிறது? பல நேரம் நாம் நடக்கும் பாதையில்தான். இது கருங்கல் மலை; மேலே கிடப்பது கல் உளுத்து உண்டான மணல் கலந்த மண். சருகு மூடிய இடத்தில் மழை மெதுவாக உள்ளே இறங்கும். கால் பட்டு இறுகிய பாதையில் இறங்காது, ஓடும்.

எங்கள் நடைக்குழுவில் ஒரு பெரியவர், ரப்பர் தோட்டத்தில் வடிகால் வெட்டியவர். அரித்துப்போன பாதையைப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு நாம வழி விடல, அது பாதையையே எடுத்துக்கிச்சு" என்றார். அனுமதி வாங்கி, பாதைக்குக் குறுக்கே சாய்வாக, ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டினோம். தண்ணீர் வேகம் எடுப்பதற்கு முன்பே பக்கத்துச் சருகுக்குள் திரும்பிவிடுகிறது. ஆனால் வெட்டியதோடு வேலை முடியாது. ஒரு பெருமழைக்கே இலை அடைத்துக்கொள்ளும்; இலையை எடுத்தால் பின்னால் வெள்ளை மணல் மேடிட்டிருக்கும். அதை மண்வெட்டியால் அள்ளி ஓரத்தில் பரப்ப வேண்டும். மழைக்காலம் முழுக்க இதே வேலைதான். 2017 நவம்பரில் கொட்டியதே, மலையில் பல இடங்களில் மண் சரிந்ததே, அப்படிப்பட்ட மழைக்கு இந்த வாய்க்கால் தாங்காது. வழக்கமான மழைக்குத் தாங்கும், அதுவே பெரிய விஷயம்.

அப்புறம், நான் போகிற இடமெல்லாம் சொல்வது ஒன்று: பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால் நடுவிலேயே மிதித்துப் போங்கள். சப்பாத்து நனையட்டும். ஓரமாக ஒதுங்கினால் அடுத்தவரும் ஒதுங்குவார். பாதை அகலும், வேரின் தோல் உரியும், கன்றுகள் சாகும். குழந்தைகளோடு போகிறவர்கள் அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்: நடுவிலேயே.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். விழுந்த மரங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். வழியை மறித்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்து நகர்த்துவோம். மற்றது அங்கேயே மக்கட்டும். அதில் முளைக்கும் காளான்களைப் படம் பிடியுங்கள், பறித்துச் சமைக்காதீர்கள். இடி கேட்டால் உடனே இறங்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.