ரோட்ரிகஸைத் தேடிய ரசிகர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பாடகரைப் பற்றி அவருடைய ரசிகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சின்னச் சின்னச் செய்திகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எந்த ஆண்டு எந்த ஊரில் பாடினார், எந்தப் பதிவில் கிதார் வாசித்தது யார், அடுத்த ஆல்பம் எப்போது வரும், அவருக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது. வெளியில் இருந்து கேட்பவர்களுக்கு இது பொழுதுபோகாதவர்களின் பேச்சாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பேச்சு உயிரோடு இருந்த ஒரு மனிதரைச் செத்தவராக்கியிருக்கிறது. அதே பேச்சு அவரைத் தேடிக் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் மேடையேற்றியும் இருக்கிறது.

சிக்ஸ்டோ ரோட்ரிகஸைத்தான் சொல்கிறேன். 1942-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பம். ஆறாவது பிள்ளை என்பதால் ஆறாமவர் என்ற பொருளில் சிக்ஸ்டோ என்று பெயர் வைத்தார்கள். கிதாரை எடுத்துக்கொண்டு, தானே எழுதிய பாட்டுகளை டெட்ராய்ட்டின் புகைமண்டிய சின்ன விடுதிகளில் பாடிக்கொண்டிருந்தார். கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பாடுவாராம். அவரை அப்படிப் பார்த்த டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்ற இரண்டு பேர்தான் முதல் ஆல்பமான 'கோல்ட் ஃபேக்ட்'டைத் தயாரித்தார்கள். 1970-இல் சசெக்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. 1971-இல் 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி' வந்தது. அமெரிக்காவில் இரண்டையும் வாங்க ஆளில்லை. நிறுவனம் அவரைக் கைவிட்டது. அவர் கட்டடம் இடிக்கும் வேலைக்கும், வீடுகளைச் செப்பனிடும் வேலைக்கும் போனார்.

இதற்கிடையில் அந்த இசைத்தட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். வெளியுலகம் அந்த நாட்டை ஒதுக்கி வைத்திருந்தது, உள்ளே தணிக்கை கடுமையாக இருந்தது. அரசாங்கத்தை எதிர்த்துப் பேசலாம் என்ற எண்ணமே புதிதாக இருந்த வெள்ளையின இளைஞர்களுக்கு 'கோல்ட் ஃபேக்ட்' கிட்டத்தட்ட ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற ஆல்பமாகிவிட்டது. வானொலியில் போடக் கூடாத பாட்டு என்பதால் அரசு வானொலியின் களஞ்சியத்தில் இருந்த தட்டில் 'சுகர் மேன்' என்ற பாட்டின் மேல் கீறி வைத்திருந்தார்கள். ஊசி அந்த இடத்தில் ஓடக் கூடாது என்று.

ஆனால் பாடியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. உறையில் ஒரு படம் இருந்தது, அவ்வளவுதான். பெயரிலேயே குழப்பம். 1967-இல் வந்த முதல் சிறு இசைத்தட்டில் அவர் பெயர் ராட் ரிகஸ் என்று இரண்டாகப் பிளந்து அச்சாகியிருந்தது. 'கோல்ட் ஃபேக்ட்'டில் பாடலாசிரியர் பெயராக ஒரு இடத்தில் ஜீசஸ் ரோட்ரிகஸ் என்றும் இன்னொரு இடத்தில் சிக்ஸ்த் பிரின்ஸ் என்றும் இருந்தது. இது ஒரே ஆளா, மூன்று பேரா?

ஒரு ஆளைப் பற்றி எதுவும் தெரியாதபோது மனசு சும்மா இருப்பதில்லை. கதை கட்டியது. மேடையிலேயே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார் என்றார்கள். இல்லை, உடம்பில் நெருப்பு வைத்துக்கொண்டார் என்றார்கள். போதைப்பொருளால் சிறையில் இறந்தார் என்று இன்னொரு கூட்டம். சொன்ன ஒவ்வொருவரும் நம்பித்தான் சொன்னார்கள். யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அவர் மேல் அன்பு வைத்தவர்கள்தான் அவரை இத்தனை விதமாகக் கொன்றார்கள்.

ஏன் இந்தக் கதைகள் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டன? சொந்தமாக எழுதிப் பாடுபவர்களின் ரசிகர்களுக்கே உரிய ஒரு பழக்கம் இதில் இருக்கிறது. சினிமாப் பாட்டைக் கேட்டால், எழுதியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், திரையில் வாயசைப்பவர் ஒருவர் என்று நமக்குத் தெரியும். பாட்டில் வரும் 'நான்' கதாபாத்திரம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு கிதாரோடு தனியாக உட்கார்ந்து ஒருவர் தன் பாட்டைப் பாடினால் மட்டும் அந்த 'நான்' அவரே என்று நினைத்துவிடுகிறோம். பாட்டு இருண்டிருந்தால் வாழ்க்கையும் இருண்டு முடிந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறோம்.

'கோல்ட் ஃபேக்ட்'டில் மொத்தம் 12 பாட்டு. அதில் இரண்டு அவர் எழுதியதே இல்லை. அவற்றில் ஒன்று 'ஹேட் ஸ்ட்ரீட் டயலாக்'. நகரத்தின் இருண்ட தெருக்கள் தன்னைப் பெற்று வளர்த்ததாகச் சொல்கிற, கேட்டவுடன் சுயசரிதை என்று நினைக்கவைக்கிற பாட்டு. அதை எழுதியதில் தயாரிப்பாளர்கள் இருவருக்கும் பங்குண்டு, ரோட்ரிகஸுக்கு இல்லை. இந்த ஒரு தகவல் தெரிந்திருந்தால் எத்தனை பேர் கட்டிய வாழ்க்கைக் கதை சரிந்திருக்கும்! எழுதியவர் யார் என்று அச்சிட்ட அந்தப் பொடி எழுத்தைப் படிக்கிற ரசிகரை நான் மிகவும் மதிப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, அப்படியானால் பாட்டில் இருந்து எதையுமே எடுத்துக்கொள்ளக் கூடாதா? அதற்கும் இதே கதையில் பதில் இருக்கிறது.

கேப் டவுனில் ஸ்டீஃபன் செகர்மன் என்று ஒரு ரசிகர். 'சுகர் மேன்' பாட்டால் அவருக்கே சுகர் என்ற பட்டப்பெயர் வந்துவிட்டது. 1996-இல் 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி' தென்னாப்பிரிக்காவில் சிடியாக வந்தபோது உறைக்குள் அச்சிடுகிற குறிப்பை அவர் எழுதினார். தெரிந்ததுபோல் எதையும் அடித்துவிடாமல், இந்தக் கலைஞரைப் பற்றி உறுதியான தகவல் எதுவும் இல்லை என்று எழுதி, துப்பறிய யாராவது இருக்கிறீர்களா என்று வாசகர்களையே கேட்டார். அதைப் படித்தவர் கிரேக் பார்த்தலோமியூ என்ற பத்திரிகையாளர். தேட ஆரம்பித்தார்.

அவர் பாட்டு வரிகளில் ஊர்ப் பெயர்களைத் தேடினார். 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' என்ற பாட்டில் டியர்பார்ன் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணைச் சந்தித்ததாக ஒரு வரி வரும். தேசப்படத்தைப் புரட்டினால் டியர்பார்ன் டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். டெட்ராய்ட் என்றதும் தயாரிப்பாளர் மைக் தியோடரிடம் போய்ச் சேர்ந்தார். ரோட்ரிகஸ் எப்படி இறந்தார் என்று கேட்கப் போனவருக்கு, அவர் உயிரோடு நன்றாக இருக்கிறாரே என்று பதில் வந்தது. இது 1997-இல். அதே சமயத்தில் செகர்மனும் நண்பர்களும் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, காணாமல் போனவரைத் தேடுவதுபோல் பால் அட்டைப்பெட்டியில் ரோட்ரிகஸின் படத்தைப் போட்டு, தகவல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதை ரோட்ரிகஸின் மூத்த மகளே பார்த்துவிட்டு, அவர் என் அப்பா என்று எழுதினார்.

பாட்டில் இருந்த சோகத்தை வைத்து யோசித்தவர்களுக்குக் கிடைத்தது பொய்ச்சாவு. அதே பாட்டில் இருந்த ஒரு ஊர்ப் பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு சரிபார்க்கக் கிளம்பியவருக்கு ஆள் கிடைத்தார். இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் நான் இன்று வந்தேன். துணுக்குத் தகவல் என்றால் சரிபார்க்க முடிகிற ஒரு பிடி அதில் இருக்க வேண்டும். ஊர், ஆண்டு, பெயர், கையில் வைத்துப் பார்க்கிற தட்டு. அந்தப் பிடி இல்லாத செய்தி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

1998 மார்ச்சில் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்கா போனார். கச்சேரிகளுக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. டெட்ராய்ட்டில் அக்கம்பக்கத்தார் கூலிவேலைக்காரராக மட்டும் அறிந்திருந்த ஒருவர் மேடைக்கு வந்து நின்றார், கூட்டம் பாடவே விடாமல் நெடுநேரம் ஆரவாரம் செய்தது, அப்புறம் எல்லாப் பாட்டையும் அவரோடு சேர்ந்து பாடியது. எத்தனை முறை அந்தக் காட்சிகளைப் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2012-இல் மாலிக் பெண்ட்ஜெலூல் என்ற சுவீடன் நாட்டு இயக்குநர் இந்தத் தேடலை 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். 2013-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. ரோட்ரிகஸ் விழாவுக்கே போகவில்லை. படம் எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய கவனம் தன் மேல் திரும்பக் கூடாது என்று நினைத்தார்.

நான் அந்தப் படத்தை நேசிக்கிறேன். ஆனாலும் ரசிகர்கள் அதன் மேல் வைத்த ஒரு கேள்வி நியாயமானது. உலகமே அவரை மறந்திருந்ததுபோல் படம் காட்டும். ஆஸ்திரேலியாவில் அவருக்கு நல்ல ரசிகர் கூட்டம் இருந்தது. 1979-இலும் 1981-இலும் அங்கே போய்ப் பாடினார். அங்கே வெளியான கச்சேரிப் பதிவின் பெயர் 'அலைவ்', அதாவது உயிரோடு. தென்னாப்பிரிக்காவில் அவர் எப்படிச் செத்தார் என்று பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில் இந்தத் தட்டு இன்னொரு நாட்டுக் கடைகளில் விற்றது. ஆஸ்கர் வாங்கிய படத்தைப் பார்த்தும், அந்தச் சுற்றுப்பயணம் எங்கே என்று ஆஸ்திரேலிய ரசிகர் ஒருவர் கேட்டால் அது குறை கண்டுபிடிப்பது ஆகாது. அந்த மனிதரின் வாழ்க்கையில் விட்டுப்போன பக்கத்தைத் திரும்பச் சேர்ப்பது.

பாடகர் தானே சொன்னால் மறுபேச்சில்லாமல் நம்பலாம் என்றும் நினைக்காதீர்கள். பாப் டிலன் நியூயார்க்குக்கு வந்த புதிதில், திருவிழாக் கூட்டத்தோடு ஊர் ஊராகச் சுற்றியவன் என்றெல்லாம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். 1963-இல் நியூஸ்வீக் பத்திரிகை விசாரித்து, அவர் மினசோட்டா மாநிலத்தின் ஹிப்பிங் என்ற ஊரில் ஒழுங்காக வளர்ந்த ராபர்ட் சிம்மர்மன் என்று எழுதியது. டிலனுடைய 1966 கச்சேரி ஒன்றின் திருட்டுப் பதிவு லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பாடியது என்ற பெயரில் பல வருஷம் சுற்றியது. கூட்டத்தில் ஒருவர் அவரைப் பார்த்து யூதாஸ் என்று கத்துவது அதில்தான் கேட்கும். கிதாரை மின்சாரத்தில் இணைத்ததால் நாட்டுப்பாடலுக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று கோபம். உண்மையில் அது மே 17 அன்று மான்செஸ்டரின் ஃப்ரீ டிரேட் அரங்கில் நடந்தது. 1998-இல் நிறுவனமே அதிகாரபூர்வமாக வெளியிட்டபோது அந்தத் தவறான பெயரையும் மேற்கோள் குறிக்குள் விட்டுவைத்தது. அவ்வளவு தூரம் ஒட்டிப்போயிருந்தது அந்தப் பிழை.

நிக் டிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1974-இல் 26 வயதில் இறந்த இங்கிலாந்துப் பாடகர். உயிரோடு இருந்தபோது வெளியான மூன்று ஆல்பங்களும் விற்கவில்லை. இறந்த பிறகு ரசிகர்கள் ஒவ்வொருவராக டான்வொர்த் இன் ஆர்டன் என்ற கிராமத்தில் அவருடைய பெற்றோரின் வீட்டைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். பெற்றோர் கதவைச் சாத்தவில்லை. மகன் வீட்டில் பாடிப் பதிந்தவற்றை அப்பா கேசட்டில் நகலெடுத்துக் கொடுத்தார். பிள்ளையை இழந்த ஒரு அப்பா, முன்பின் தெரியாதவர்களுக்கு அவன் குரலைப் பதிந்து கொடுக்கிறார். பிறகு அந்தக் கேசட்டுகளில் இருந்தே திருட்டு வெளியீடுகள் வந்தன. எனக்கு இதில் மன்னிக்க மனம் வரவில்லை. நம்பிக் கொடுத்ததை நண்பர்களோடு சேர்ந்து கேட்கலாம். அதைக் காசாக்குவது அந்தப் பெற்றோருக்குச் செய்த துரோகம்.

ரோட்ரிகஸ் விஷயத்திலும் காசுக் கேள்வி உண்டு. தென்னாப்பிரிக்காவில் அத்தனை ஆண்டுகளாக விற்ற ஆல்பங்களுக்கு அவர் கையில் ராயல்டி வரவில்லை. தன் தட்டு அங்கே விற்றதே அவருக்குத் தெரியாது. படம் வந்த பிறகு, பணம் எங்கே போனது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. ரசிகர்களுக்குள் செய்தி பரிமாறும்போது இதையும் பரிமாறுங்கள். எந்தப் பதிப்பு உரிமையோடு வெளியானது, எதை வாங்கினால் பாடியவருக்கோ குடும்பத்துக்கோ காசு போகும் என்று. 2008-இலும் 2009-இலும் லைட் இன் தி அட்டிக் நிறுவனம் அவருடைய இரண்டு ஆல்பங்களையும் மறுபடி வெளியிட்டபோது இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பலர் அதைத் தேடி வாங்கினார்கள்.

உங்கள் பெட்டிகளில் பழைய கேசட்டுகள் இருக்கும். மறக்கப்பட்ட ஏதோ ஒரு பாடகரின் கச்சேரியை யாரோ பதிந்து கொடுத்ததாக இருக்கும். வாஷ்டி பன்யன் என்ற பாடகி 1970-இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு, யாரும் வாங்கவில்லை என்று இசையையே விட்டு ஒதுங்கிப்போனார். 1997-இல் கணினியில் தன் பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான் தன் தட்டை ஆட்கள் தேடிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. 2000-இல் அது மறுபடி வெளியானது, 2005-இல் இரண்டாவது ஆல்பம் வந்தது. நடுவில் 35 ஆண்டுகள். அதனால் அந்தக் கேசட்டின் மேல் தேதியும் ஊரும் எழுதுங்கள். கூட வாசித்தவர் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். யார் கொடுத்தது என்பதையும் எழுதுங்கள். பாடியவர் எங்கேயாவது இருக்கிறாரா என்று, நான்கு பேரிடம் இந்த வாரமே விசாரியுங்கள். அவருக்கு வயதாகிக்கொண்டிருக்கும்.